காகித வறட்டி: பழைய தாள் அடுப்பேறிய வரலாறு

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை காலை வேளையில் நம் தாமான்களில் ஒரு வேன் மெதுவாக ஊர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் ஒலிபெருக்கி "சூராட் காபார் லாமா" என்று திரும்பத் திரும்பக் கூவும். பழைய நாளிதழ் இருந்தால் கொண்டு வாருங்கள் என்று பொருள். சிங்கப்பூரில் இதே தொழிலைச் செய்பவரைக் 'காராங் குனி' என்பார்கள். ஒரு மாதமாகச் சேர்ந்த நாளிதழ்க் கட்டை எடுத்துக் கொடுப்போம். அவர் தராசில் நிறுத்து, சில காசுகளைக் கையில் கொடுப்பார். அத்தோடு அந்தக் கட்டை நாம் மறந்துவிடுவோம்.

அந்தக் கட்டு போய்ச் சேரக்கூடிய இன்னோர் இடத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அந்த இடம் அடுப்பு.

"இதில் என்ன புதுமை? எங்கள் பாட்டி தோட்டத்து லயத்தில் பேப்பரைச் சுருட்டித்தானே அடுப்பு மூட்டினார்!" என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் அடுப்பை மூட்டியது பேப்பர், சோற்றை வேக வைத்தது ரப்பர் விறகு. நான் சொல்ல வருவது வேறு. விறகும் கரியும் இல்லாத இடத்தில், வீணான தாளையே அழுத்திக் கட்டியாக்கி, அதிலேயே சமையலை முடித்த மக்களின் கதை இது. சாணத்தைத் தட்டிக் காயவைத்தால் வறட்டி. காகிதத்தை ஊறவைத்து அழுத்திக் காயவைத்தால் அதைக் 'காகித வறட்டி' என்று சொல்லலாமே!

பற்றியதும் ஏன் அணைகிறது?

முதலில் ஓர் அடிப்படை உண்மை. நன்கு காய்ந்த ஒரு கிலோ காகிதத்தில் ஏறக்குறைய 16 மெகாஜூல் வெப்பம் அடங்கியிருக்கிறது. இது காய்ந்த விறகின் வெப்பத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். காகிதமே மரத்திலிருந்து வந்ததுதானே! மூன்று கிலோ காகிதத்தில் ஒரு கிலோ மண்ணெண்ணெயின் வெப்பம் உண்டு.

பிறகு ஏன் ஒரு தாள் குபுக்கென்று எரிந்து நொடியில் சாம்பலாகிறது? தாள் மெல்லியது. அதன் இரு பக்கமும் காற்று படுகிறது. எல்லா இடமும் ஒரே நேரத்தில் எரிந்து முடிந்துவிடுகிறது. அதே தாளை இறுக்கி ஒரு கட்டியாக்கினால் காற்று வெளிப்புறத்தில் மட்டுமே படும். தீ மெல்ல மெல்ல உள்ளே போகும். கால் மணி நேரம், அரை மணி நேரம் என்று நின்று எரியும். ஆக, காகிதத்தை எரிபொருளாக்குவது என்பது அதிலுள்ள காற்றை வெளியேற்றும் வேலைதான்.

அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உலர்ந்த தாளை இறுகச் சுருட்டுவது. மற்றொன்று, தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி அழுத்துவது. இரண்டாவது முறையில் பசைகூடத் தேவையில்லை. தண்ணீரில் காகிதத்தின் நார்கள் பிரிகின்றன. காயும்போது ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இறுகுகின்றன. சீனாவில் கி.பி. 105ஆம் ஆண்டில் சாய் லுன் அரசவையில் அறிமுகப்படுத்தியதாகச் சொல்லப்படும் காகிதத் தொழிலின் அடிப்படையும் இதுவே. நம் பாட்டிமார் பழைய தாளை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்துக் கூடை செய்தார்களே, அந்தக் கூடை கல்லைப் போல இறுகியது ஏன் என்று இப்போது விளங்கும்.

பனிமலையில் ஒரு வாய் சூடான சாப்பாடு

சுருட்டும் முறைக்கு வரலாற்றில் ஒரு சிறந்த சான்று இருக்கிறது. முதலாம் உலகப் போரில் 1915 மே மாதம் இத்தாலி ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசுக்கு எதிராகக் களமிறங்கியது. போர்முனையின் பெரும்பகுதி ஆல்ப்ஸ் மலைத்தொடரில் அமைந்தது. மூவாயிரம் மீட்டருக்கு மேல், பனிப்பாறையைக் குடைந்து அதற்குள் சிப்பாய்கள் வாழ்ந்தார்கள். குண்டுக்குப் பலியானவர்கள் ஒருபுறமிருக்க, குளிரிலும் பனிச்சரிவிலும் மாண்டவர்கள் ஏராளம். 1916 டிசம்பர் 13ஆம் நாள் மார்மொலாடா மலையில் சரிந்த பனி ஒரே நேரத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆஸ்திரியப் படையினரைப் புதைத்தது.

அங்கே சோறு பொங்குவது எப்படி? சமையற்கூடம் மலையடிவாரத்தில் இருந்தது. கோவேறு கழுதையின் முதுகிலும் மனிதரின் தோளிலும் ஏறி வரும் உணவு, மேலே வந்து சேர்வதற்குள் உறைந்துவிடும். விறகை மூட்டினால் புகை எழும். புகை எழுந்தால் எதிரியின் பீரங்கி அந்த இடத்தைக் குறிவைக்கும். நிலக்கரியோ இத்தாலியில் கிடைப்பதே அரிது. பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்த கரியும் போர்க்காலத்தில் தட்டுப்பாடாகி விலையேறியது.

அப்போதுதான் இத்தாலிய வீடுகளும் பள்ளிகளும் ஒரு வேலையைக் கையிலெடுத்தன. படித்து முடித்த நாளிதழ்களைச் சேகரித்தார்கள். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, குழலைப் போல இறுகச் சுருட்டி, ஓரத்தைப் பசையால் ஒட்டினார்கள். பிறகு அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, உருகிய மெழுகில் போட்டு ஊறவிட்டார்கள். ஆறியதும் உள்ளங்கையில் அடங்கும் ஓர் எரிகட்டி தயார். அதற்கு 'ஸ்கால்தராஞ்சோ' என்று பெயர். 'ராஞ்சோ' என்றால் சிப்பாயின் உணவு. அதைச் சூடாக்குவது என்பதே அந்தப் பெயரின் பொருள். சில துண்டுகளைக் கொளுத்தினால் ஒரு தகர டப்பாவிலுள்ள உணவு சூடாகும். விறகைப் போல் புகைந்து காட்டிக்கொடுக்கவும் செய்யாது.

பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் இந்தச் சுருள்களை இலட்சக்கணக்கில் செய்து அனுப்பினார்கள். அமெரிக்கா 1917இல் போரில் இறங்கியபோது, அங்குள்ள பள்ளி மாணவர்களும் இதே போன்ற 'பதுங்குகுழி மெழுகுவர்த்தி'களைச் செய்தார்கள். சற்று எண்ணிப் பாருங்கள். மகன் போர்முனையில் இருக்கிறான். தாய் காலையில் போர்ச் செய்தியை நாளிதழில் படிக்கிறாள். மாலையில் அதே நாளிதழைச் சுருட்டி அவனுக்கே அனுப்புகிறாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத தாயாலும் அந்த நாளிதழைக் கொண்டு தன் மகனுக்கு ஒரு வாய் உணவைச் சூடாக்க முடிந்தது.

பணமே விறகான போது

போர் முடிந்தது. ஆனால் தோற்ற ஜெர்மனியில் இன்னொரு நெருக்கடி காத்திருந்தது. 1923 நவம்பரில் ஒரு அமெரிக்க டாலரின் மதிப்பு 4.2 இலட்சம் கோடி மார்க். ஒரு ரொட்டி வாங்கக் கூடை நிறையப் பணம் தேவைப்பட்டது. கட்டுக்கட்டாக நோட்டுகளை அடுப்பில் திணித்துத் தீ மூட்டும் ஒரு பெண்ணின் புகைப்படம் இன்றும் பொருளாதாரப் பாடநூல்களில் இடம்பெறுகிறது. அந்தப் பணத்தில் வாங்கக்கூடிய விறகைவிட, அந்தப் பணமே கூடுதலாக எரியும் என்ற நிலை!

நமக்கும் இது அந்நியமான கதையல்ல. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டுகளை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அவை செல்லாதவையாயின. மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்தவர்களின் கையில் எஞ்சியது வெறும் தாள்.

பின்னாளில் மத்திய வங்கிகளே இந்த வேலையை இயந்திரம் கொண்டு செய்யத் தொடங்கின. ஹங்கேரியின் மத்திய வங்கி, கிழிந்த பழைய நோட்டுகளைத் துகளாக்கி, அழுத்தி, எரிகட்டியாக்கிக் குளிர்காலத்தில் ஏழைகளுக்கு உதவும் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுத்தது 2012இல் உலகச் செய்தியானது. இந்தியாவில் 2016 நவம்பர் 8ஆம் தேதி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, புழக்கத்தில் இருந்தவை சுமார் 2,400 கோடி தாள்கள். திரும்பி வந்தவற்றை ரிசர்வ் வங்கி துகளாக்கி, கட்டிகளாக அழுத்தி, ஏலத்தில் விற்றது. அதில் ஒரு பகுதி கேரளத்தின் கண்ணூர்ப் பக்கத்து ஒட்டுப்பலகை ஆலைக்குப் போய்ப் பலகையானது. தாளில் என்ன அச்சிட்டிருந்தாலும் கடைசியில் எஞ்சுவது நார்தான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? (நம் கையிலுள்ள ஒரு ரிங்கிட் நோட்டு பிளாஸ்டிக்கால் ஆனது. அதற்கு அந்த யோகமும் இல்லை!)

ஏழையின் அடுப்பில் எழுந்த நெருக்கடி

வங்கியின் இயந்திரத்தை விட்டுவிட்டு, மீண்டும் வீட்டுக் கைவேலைக்கு வருவோம். 1973இல் பெட்ரோல் விலை ஏறியபோது உலகம் முழுவதும் எண்ணெய் நெருக்கடி பற்றியே பேசியது. 1975இல் எரிக் எக்ஹோம் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதன் பெயரே 'மற்றோர் எரிபொருள் நெருக்கடி: விறகு'. பணக்கார நாடுகளின் நெருக்கடி பெட்ரோல் நிலையத்தில் தெரிகிறது. ஏழை நாடுகளின் நெருக்கடியோ, விறகு தேடி நாளுக்கு நாள் கூடுதல் தூரம் நடக்கும் பெண்ணின் காலில் தெரிகிறது என்பதே அந்த நூல் உணர்த்திய செய்தி.

இதற்குப் பிறகு விறகுக்கு மாற்றுத் தேடும் முயற்சிகள் பெருகின. அவற்றுள் ஒன்று அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் பென் பிரயன்ட் உருவாக்கிய ஈரமுறை. பெரிய ஆலைகளில் எரிகட்டி செய்ய டன் கணக்கில் அழுத்தம் தரும் இயந்திரமும் மின்சாரமும் தேவை. அவருடைய முறைக்கோ மரத்தால் ஆன ஒரு நெம்புகோல் போதும். ஊர்த் தச்சரே அதைச் செய்துவிடலாம். இந்த முறையை 'லெகசி பவுண்டேஷன்' என்ற தொண்டு அமைப்பு 1990களில் மலாவி முதலிய ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கொண்டு சென்று பயிற்சி அளித்தது.

செய்முறை இதுதான். பழைய தாளைக் கிழித்துத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். இன்னொரு பக்கம் காய்ந்த இலை தழை, மரத்தூள், உமி போன்றவற்றை உரலில் இட்டு இடித்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் கஞ்சிப் பதத்தில் கலந்து, பக்கவாட்டில் துளையிட்ட குழாய்க்குள் ஊற்றி, நெம்புகோலால் அழுத்தினால் தண்ணீர் வடிந்துவிடும். வெளியே வருவது, நடுவில் ஓட்டை உள்ள வட்டக் கட்டி. நம் உளுந்து வடையைச் சற்றுப் பெரிதாக, கனமாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டை அழகுக்காக வைத்ததல்ல. காயும்போது உள்ளீரம் வெளியேறவும், எரியும்போது காற்று மேலெழும்பித் தீ சீராக நிற்கவும் அதுவே வழி. பிறகு வெயிலில் சில நாள் காயவைத்தால் அடுப்புக்குத் தயார்.

இங்கே காகிதத்தின் பங்கை நாம் கவனிக்க வேண்டும். அது எரிபொருளாக மட்டும் இருக்கவில்லை. தனியே நிற்காத இலையையும் தூளையும் தன் நாரால் கட்டிப் பிடிக்கும் வேலையையும் அதுவே செய்தது.

கொரில்லாவைக் காக்க ஒரு கட்டி

இந்தச் சிறு கட்டியை நம்பி ஒரு பெருங்காடே காத்திருந்த காலமும் உண்டு. காங்கோ நாட்டின் கிழக்கு எல்லையில் விருங்கா தேசியப் பூங்கா இருக்கிறது. 1925இல் அமைந்த இது ஆப்பிரிக்காவிலேயே மிகப் பழைய தேசியப் பூங்கா. 1979இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அருகிவரும் மலைக் கொரில்லாக்களின் உறைவிடம் இது.

1994இல் அண்டை நாடான ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையை அடுத்து இலட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி கோமா நகரைச் சுற்றி முகாமிட்டார்கள். அவர்களுக்கு உணவு கொண்டு வந்து கொடுத்தது உலகம். அதைச் சமைக்க எரிபொருள்? முகாமுக்குப் பக்கத்திலேயே இருந்தது பூங்காவின் காடு. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் உள்ளே போய் மரம் வெட்டினார்கள். அதே ஆண்டில் விருங்கா ஆபத்திலுள்ள பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலுக்கு வந்துவிட்டது.

அகதிகள் போன பின்னும் மரம் வெட்டுவது நிற்கவில்லை. கோமா நகரின் வீடுகள் கரியில்தான் சமைத்தன. மண்மூடிச் சூளையில் ஒரு கிலோ கரி எடுக்க ஐந்து முதல் பத்து கிலோ விறகு வேண்டும். ஆயுதக் குழுக்களும் கைகோத்த அந்தக் கரி வணிகத்தில் கோடிகள் புரண்டன. 2007 ஜூலையில் ஒரு கொரில்லாக் குடும்பத்தின் ஆண் தலைவனும் பெண் கொரில்லாக்களும் சுட்டுக் கொல்லப்பட்டன. இறைச்சிக்காகவோ குட்டிக்காகவோ யாரும் அவற்றைத் தொடவில்லை. உடல்கள் அப்படியே கிடந்தன. கொரில்லா இருப்பதால்தானே காட்டைக் காக்கிறார்கள், கொரில்லா ஒழிந்தால் காடு நமக்குத்தான் என்ற கரி வியாபாரக் கணக்கே இதற்குக் காரணம் என்று காவலர்கள் கருதினார்கள்.

2008இல் பூங்காவின் இயக்குநராகப் பொறுப்பேற்ற எம்மானுவேல் தெ மெரோத், துப்பாக்கியால் மட்டும் காட்டைக் காக்க முடியாது என்பதை உணர்ந்தவர். கரியை நிறுத்தினால் மக்கள் எதில் சமைப்பார்கள்? ஆகவே மர நெம்புகோல்களைச் செய்து, பூங்காவைச் சுற்றியிருந்த ஊர் மக்களுக்குக் கொடுத்தார்கள். இலை தழையும் மரத்தூளும் பழைய தாளும் எரிகட்டிகளாயின. பூங்காவே அவற்றை வாங்கி நகரில் விற்றது. போரால் வீடிழந்த பெண்கள் பலருக்கு அது கைச்செலவுக்கான வருமானமானது. காடு வெட்டும் கையும் எரிகட்டி அழுத்தும் கையும் ஒரே ஏழையின் கைதான் என்பதை அந்தத் திட்டம் சரியாகப் புரிந்து வைத்திருந்தது.

ஏன் நிலைக்கவில்லை?

இத்தோடு "அவர்கள் சுகமாக வாழ்ந்தார்கள்" என்று கதையை முடிக்க எனக்கும் ஆசைதான். வரலாறு அப்படி முடிவதில்லை. கைவேலையால் ஒரு பெரிய நகரின் பசியை ஆற்ற முடியவில்லை. ஈரமுறைக்கு வெயில் வேண்டும். மழைக்காலத்தில் கட்டி காயாது. காயாத கட்டி எரியாது, புகையைத்தான் கக்கும். கரியின் கனலுக்கு இது ஈடாகவில்லை என்பதை அடுப்படியில் நிற்கும் பெண்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

பிறகு பூங்கா நிர்வாகம் ஆற்று நீரில் மின்சாரம் எடுக்கும் வழிக்குப் போனது. 2015 டிசம்பரில் மாதெபே நீர்மின் நிலையம் திறக்கப்பட்டது. கோமாவின் வீடுகளுக்கு மின்கம்பி வந்தது. 2018இல் மலைக் கொரில்லாக்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் 2025 ஜனவரியில் கோமா நகரமே கிளர்ச்சிப் படையின் கைக்குப் போனது. போர் வந்தால் முதலில் கெடுவது அடுப்பு. அடுப்பு கெட்டால் அடுத்து அழிவது காடு.

இத்தாலியின் கதையும் இதே போன்றதுதான். போர் முடிந்து, கரியும் எரிவாயுவும் தடையின்றிக் கிடைக்கும் காலம் வந்ததும் நாளிதழ் சுருட்டும் வேலையும் ஓய்ந்தது. இதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல எரிபொருள் இல்லாத இடத்தில் கழிவுத்தாள் அந்த இடத்தை நிரப்புகிறது. நல்லது வந்ததும் வழிவிட்டு விலகுகிறது. ஒரு சமுதாயம் தாளை அழுத்தி அடுப்பில் வைக்கிறது என்றால், அதன் சாமர்த்தியத்தை நாம் பாராட்டலாம். அதற்கு முன், அதன் அடுப்பில் வேறு எதுவும் இல்லை என்பதைப் பார்க்க வேண்டும்.

நாமும் செய்யலாமா?

உரை முடிந்ததும் நெறியாளர் என்னிடம் கேட்டார்: "அப்படியென்றால் நாமும் வீட்டில் காகித வறட்டி தட்டலாமா?"

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் வீட்டில் இருக்கும் 14 கிலோ எரிவாயு தோம்பின் வெப்பத்துக்கு ஈடாக 40 கிலோ காகிதம் வேண்டும். திறந்த அடுப்பில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் அதைப் போல இரு மடங்குக்கும் மேலாகும். ஒரு நாளைக்கு ஒரு நாளிதழ் வாங்கும் குடும்பம் அவ்வளவு தாளைச் சேர்க்க ஒரு வருடமாவது ஆகும். புகை வேறு. பளபளப்பான விளம்பரத் தாள், பிளாஸ்டிக் பூசிய பால் பெட்டி, கடை ரசீது ஆகியவற்றை ஒருபோதும் அடுப்பில் இடக்கூடாது.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. காகிதத்தின் நாரை ஐந்து முதல் ஏழு முறை மறுபடியும் காகிதமாக்கலாம். எரித்தால் ஒரே முறையில் முடிந்துவிடும். எனவே நம்மைப் போன்றவர்கள் கட்டை அந்த வேன்காரரிடம் கொடுப்பதே முறை. பள்ளியில் அறிவியல் பாடத்துக்காகப் பிள்ளைகள் நாலு கட்டி செய்து பார்க்கட்டும், அது நல்லது. நார் பிரிவதும் இறுகுவதும் கண்ணெதிரே தெரியும்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இன்றும் உலகில் 200 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் விறகிலும் சாணத்திலும் கரியிலும்தான் சமைக்கிறார்கள். வீட்டு அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் 32 இலட்சம் பேர் மாண்டதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பெண்களும் குழந்தைகளும் அதிகம். நம்முடைய லயத்து அடுப்புகளிலும் அந்தப் புகை இருந்தது. நம் தாய்மார் கண்ணைக் கசக்கிக்கொண்டே நமக்குச் சோறு பொங்கினார்கள். அவர்களின் இருமலை வயதின் இருமல் என்று நாம் நினைத்துக்கொண்டோம்.

'சிறு துரும்பும் பல் குத்த உதவும்' என்பது நம் பழமொழி. உதவும், உண்மைதான். ஆனால் துரும்பை மட்டுமே நம்பி வாழும் நிலை எவருக்கும் வரக்கூடாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வேன் வரும்போது, கட்டைத் தூக்கிக் கொடுக்கும் முன் ஒரு நொடி அதைக் கையில் நிறுத்திப் பாருங்கள். எங்கோ ஒரு தாய்க்கு அது ஒரு வேளைச் சமையல்.